நுவரெலியா, எல்ல பக்கம் வாடகை பைக்கில் சுற்ற எந்தப் பயணக் காப்புறுதி நல்லது?

கேள்வி: கோவையிலிருந்து நண்பரோடு பிப்ரவரியில் இலங்கை வருகிறேன். கண்டி, நுவரெலியா, எல்ல என்று எட்டு நாள். 250 சிசி பைக் ஒன்றை வாடகைக்கு எடுத்து நான் ஓட்டுவேன், அவர் பின்னால் இருப்பார். எந்த டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கலாம்?

பதில்:

கம்பனிப் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பொலிசியின் முழு வாசகத்தைத் தரவிறக்கி அதில் ‘மோட்டார் சைக்கிள்’, ‘டூ வீலர்’, ‘சிசி’ என்று தேடுங்கள். விளம்பரத்தில் லட்சம் டொலர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கிளெய்ம் விழுவதும் எழுவதும் உள்ளே கிடக்கும் இந்த அரைவரியில்தான்.

பல பொலிசிகள் 125 சிசி வரைதான் ஏற்கும். அதற்கு மேல் என்றால் தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்கவே முடியாது. பைக் பற்றிப் பேச்சே இல்லாத பொலிசி இன்னும் மோசம்; விபத்து நடந்த பிறகு ‘ஆபத்தான விளையாட்டு’ என்ற தலைப்புக்குள் தள்ளிவிடுவார்கள். “250 சிசி வாடகை பைக், தார் ரோடு, ஓட்டுநரும் பின்னால் இருப்பவரும்” என்று மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது செல்லாது.

அப்படியானால் 110 சிசி ஸ்கூட்டரே எடுத்துவிடலாமே என்று தோன்றும். மலையகத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லயிலிருந்து வெல்லவாய வரை ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறக்கம்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது மிகக் குறைவு. இருவர் பாரமும் பையும் பிரேக்கில்தான் விழும். டிரம் பிரேக் சூடேறினால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. நுவரெலியாவுக்கு அருகே உள்ள ரதல்ல குறுக்குப் பாதையிலும் இதே கதைதான். கியர் பைக்கை எடுத்து, இரண்டாம் கியரில் இறங்குங்கள். கூடுதல் பிரீமியம் வீண்போகாது.

அடுத்தது லைசன்ஸ். கிளெய்ம்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். உங்கள் இந்திய உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்க வேண்டும். கியர் இல்லாத வகை மட்டும் இருந்தால் இந்த பைக்குக்கு அது உதவாது. ஆர்டிஓவில் எடுக்கும் சர்வதேச அனுமதி ஒரு வருடம் செல்லும். அதில் ‘ஏ’ பிரிவுக்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பாருங்கள். ‘பி’ கார்களுக்கு. அதோடு முடியவில்லை. அந்த அனுமதிக்குக் கொழும்பில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அங்கீகாரம் பெற வேண்டும், அல்லது கொழும்புக்கு அருகே வேரஹரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன்ஸ் எடுக்க வேண்டும். பொலிஸ் மறிக்கவில்லை என்பதால் காப்புறுதிக்காரனும் கேட்கமாட்டான் என்று நினைக்க வேண்டாம்.

நண்பருக்குத் தனிப் பொலிசி எடுங்கள். பின்னால் இருப்பவரையும் ஏற்கிறதா என்று அதிலும் பாருங்கள். ஹெல்மட் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம். தோட்டப் பாதைகளும் கவனம். தேயிலை மலைக்குள் போகும் கல்லு ரோட்டைச் சில பொலிசிகள் ‘ஓஃப் ரோடு’ என்று விலக்கிவிடும்.

வாடகை பைக்கின் சேதத்தையும், நீங்கள் இடித்தவருக்கான நட்டஈட்டையும் பயணக் காப்புறுதி பெரும்பாலும் தராது. அது பைக்கின் சொந்தக் காப்புறுதியில் வர வேண்டும். காசு கொடுக்கும் முன் வருமான அனுமதிப்பத்திரத்தையும் (வண்டிக்கு வருடா வருடம் எடுக்கும் வரி அனுமதி) காப்புறுதி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். மூன்றாம் தரப்பு மட்டும்தானா, முழுக் காப்புறுதியா? ‘தனிப்பட்ட பாவனை’ என்றிருக்கிறதா, ‘வாடகை’ என்றிருக்கிறதா? தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு விடும் பைக்கை எடுக்காதீர்கள். இரண்டையும் போட்டோ எடுங்கள், பைக்கின் கீறல்களையும் சேர்த்து. பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்டால் வேறு கடை.

மருத்துவத் தொகை ஆளுக்கு 50,000 டொலருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட முக்கியம் ஆஸ்பத்திரி மாற்றமும் நாடு திரும்பும் செலவும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வந்து நுவரெலியா, டிக்கோயா, பதுளை என்று பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். பெரிய தனியார் மருத்துவமனை வேண்டும் என்றால் கண்டி அல்லது கொழும்புதான். அந்த மாற்றத்தின் செலவு உங்களுடையது. கால் முறிந்தவரைப் படுக்கையில் விமானமேற்ற ஆசனங்கள் பலவும் கூடவே ஒரு தாதியும் தேவைப்படும். தனியார் மருத்துவமனை கட்டண உத்தரவாதக் கடிதம் கேட்கும் என்பதால், சேர்வதற்கு முன் காப்புறுதியின் 24 மணிநேர எண்ணுக்கு அழையுங்கள்.

மழை பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகப் பாதைகள் பல இடங்களில் மண்ணோடு போயின. எச்சரிக்கை வந்த பிறகு வாங்கும் பொலிசி, அதனால் ரத்தாகும் பயணத்துக்குக் காசு தராது. டிக்கெட் போட்ட அன்றே வாங்குவது நல்லது.

விழுந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இல்லாமல் ஊர் திரும்ப வேண்டாம். உல்லாசப் பயணிகளுக்கான உதவி எண் 1912. ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டும்போது, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது, தரும் டயக்னோசிஸ் கார்டில் (சிகிச்சை விவரச் சுருக்கம்) பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, ‘ஓட்டுநர்’, ‘பின்னால் இருந்தவர்’ என்பது மாறிப்போகவில்லையா என்று வார்ட்டிலேயே பார்த்துத் திருத்துங்கள். கோவைக்குப் போன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.