ஆய்வுக்காகக் கூடுதல் ஸ்கேன்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. வழக்கமான பெட்-சிடி ஸ்கேனோடு (கொஞ்சம் கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றி எடுக்கும் படம்), ஒரு ஆய்வுக்காக இன்னும் இரண்டு ஸ்கேன் எடுக்க ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நோயாளிகளுக்குத் தெரியாமலே கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள் என்று படித்தேன். அதிலிருந்து பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கே போட வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்.

நீங்கள் படித்தது உண்மைதான். 1945 முதல் 1947 வரை அமெரிக்காவில் 18 பேருக்குப் புளூட்டோனியம் என்ற, அணுகுண்டு செய்யப் பயன்படும் கதிரியக்க உலோகத்தை ஊசியில் போட்டார்கள். அணுகுண்டு வேலையில் இருப்பவர்களின் உடம்பில் அது எவ்வளவு தங்கும் என்று அறிவதற்காக. முதல் ஆள், அணுகுண்டுத் திட்ட வேலை நடந்த ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் கார் விபத்தில் எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளி. அவருக்கு ஊசி போட்ட நாளில் புளூட்டோனியம் என்ற சொல்லே ராணுவ ரகசியம்.

மாசசூசெட்ஸில் ஃபெர்னால்டு என்ற விடுதிப் பள்ளியில் 1946 முதல் 1953 வரை 70க்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு, கதிரியக்க இரும்பும் கால்சியமும் கலந்த உணவு கொடுத்தார்கள். ‘அறிவியல் மன்றம்’ என்று பெயர் வைத்து, தினமும் பால் தருவோம், பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவோம் என்று பெற்றோருக்குக் கடிதம் போனது. கதிரியக்கம் என்ற வார்த்தை அதில் இல்லை. அளவு மிகக் குறைவு, பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் பிற்கால விசாரணை சொன்னது. அதற்காக அந்தக் கடிதம் சரியாகிவிடாது.

உங்கள் அம்மாவின் நிலைக்கு நெருக்கமானது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்தது. அதைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு மனம் கனத்துப்போகும். 1960 முதல் 1971 வரை, கிட்டத்தட்ட 90 புற்றுநோயாளிகளுக்கு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், அதிலும் கறுப்பினத்தவர் அதிகம். பணம் கொடுத்தது பாதுகாப்புத் துறை. அணுப்போரில் சிப்பாய்க்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் சில வருடங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலே கிடையாது. குமட்டலும் வாந்தியும் வரும் என்பதையும் நோயாளிகளிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் ஆய்வின் முடிவு மாறிவிடுமாம். அவர்கள் அதைச் சிகிச்சை என்றே நம்பினார்கள்.

அதனால் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த ஸ்கேன் அம்மாவின் சிகிச்சைக்கு, எந்த ஸ்கேன் ஆய்வுக்கு மட்டும்? அப்புறம், கூடுதல் ஸ்கேன்களால் எத்தனை மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேரும் என்று கேளுங்கள். ஒரு பெட்-சிடிக்குப் பெரும்பாலும் 10 முதல் 25 வரை ஆகும். இயற்கையிலிருந்தே நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. அம்மாவின் வயதுக்கும் நோய்க்கும் இந்தக் கூடுதல் ஆபத்து சிறியதுதான். ஆனாலும் எண்ணைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

மொழியையும் பாருங்கள். 1969-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 21 தெற்காசியப் பெண்களுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி கொடுத்தார்கள். பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். அதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டியது அம்மா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) தொலைபேசி எண், பாதியில் விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற வரி, கையெழுத்திட்ட படிவத்தின் நகல், இந்த மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். “சும்மா போடுங்க, எல்லாரும் போடறாங்க” என்று யாராவது அவசரப்படுத்தினால் அன்றைக்குப் போடாமல் வந்துவிடுங்கள், அந்தக் குழுவின் எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.