மிதக்கும் மேடையும் ‘பியர்’தானா?

தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘1998-ல் துறைமுகப் பொறுப்புக் கழகத்திடம் அப்பா ஒரு கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுத்தார். பத்திரத்தில் பியர், வார்ஃப், ஃபோர்ஷோர் என்று ஆங்கிலச் சொற்கள். கரையோரம் நாங்கள் கட்டி வைத்திருக்கும் மிதவை மேடை இதில் அடங்குமா? இந்த உரிமையை முத்திரைத் தாளில் எழுதி அப்படியே தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?’

முதலில் பத்திரத்தின் தொடக்கப் பக்கங்களைப் பாருங்கள். ‘சொற்களுக்குச் சட்டத்தில் உள்ள பொருளே’ என்று ஒரு வரி இருந்தால், அகராதியை மூடிவிடலாம். அந்தச் சட்டம் 1963-ன் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம். 2021-ல் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1998-ல் எழுதிய சொல்லுக்கு அன்றைய பொருளைத்தான் முதலில் தேட வேண்டும்.

அந்த 1963 சட்டத்தில் ‘பியர்’ என்ற சொல்லுக்குள் படிக்கட்டு, இறங்குதுறை, ஜெட்டி, மிதவைப் படகு, பாண்டூன் (மிதவை மேடை), இவற்றோடு சேர்ந்த பாலம் எல்லாம் வந்துவிடும். (புதுச்சேரிக்காரர்கள் கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறையைப் ‘பாலம்’ என்றே சொன்னார்கள். சட்டமும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போகிறது.) ஆகவே, மிதக்கிறது, அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்பதற்காக உங்கள் மேடை பியர் இல்லை என்று ஆகிவிடாது. அதற்காக அது உங்களுடையது என்றும் ஆகாது. ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதை மட்டுமே வரையறை சொல்லும். யாருக்குச் சொந்தம் என்பதற்குக் குத்தகையின் ஷரத்துகளையும், மேடை அமைக்க வாங்கிய அனுமதியையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஃபோர்ஷோர் என்பது உயர் அலைக் குறிக்கும் தாழ் அலைக் குறிக்கும் இடைப்பட்ட பகுதி. உயர் அலைக் குறி என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் வழக்கமான பெரிய ஏற்றம் தொடும் உச்சம். புயலன்று கிட்டங்கி வாசல்வரை வந்த தண்ணீர் கணக்கில் வராது. அந்தக் குறிக்குக் கீழே கிடக்கும் கடலடியும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ‘நிலம்’தான். இன்னொன்று: கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உள்ள உயர் அலைக்கோடு வேறொரு விதியின்படி வரைந்தது. அதைக் காட்டிக் குத்தகை எல்லையைப் பேசாதீர்கள்.

சரி, தம்பிக்கு எழுதிக் கொடுப்பது? வார்ஃப் (சரக்கை ஏற்றி இறக்கும் கரையோர மேடை) மீதும் பியர் மீதும் செலுத்தும் உரிமைகளையே 1963 சட்டம் அசையாச் சொத்து என்கிறது. பதிவுச் சட்டமோ படகுத்துறை உரிமை, மீன்பிடி உரிமையைக்கூட அசையாச் சொத்தில் சேர்க்கிறது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்திரம் பதிவாக வேண்டும். வெறும் முத்திரைத் தாள் போதாது. அதற்கும் முன்னால், துறைமுகத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற ஷரத்து உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய குத்தகைகளில் பெரும்பாலும் இருக்கும். அந்தச் சம்மதக் கடிதம் கையில் வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகம் போகலாம்.