மளிகைப் பணம் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடுகிறது: வாரச் சமையலை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறோம். நான், கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியார் என வீட்டில் ஐந்து பேர். மளிகை, காய்கறி, பால், முட்டை, கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஒதுக்கியும் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. வாரத்துக்கான பட்டியல் எழுதிச் சமைத்துப் பார்த்தேன். மூன்று நாளுக்கு மேல் அதன்படி நடக்க முடியவில்லை. ஒரு மாதச் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்கை வரி வரியாகப் படித்தேன். ‘தக்காளி அரைக் கிலோ’ என்ற பதிவு அந்த மாதத்தில் ஒன்பது இடங்களில் இருக்கிறது. கொத்தமல்லிக் கட்டு, ரொட்டிப் பாக்கெட், மாவுப் பாக்கெட், பிஸ்கட் எனத் தெருமுனைக் கடையில் மாலை நேரத்தில் வாங்கிய சில்லறைச் சாமான்களைக் கூட்டினால் 2,640 ரூபாய் வருகிறது. ஆனாலும் நீங்கள் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டியதைத் தேடி அன்றாடம் கடைக்குப் போகிறீர்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: வீட்டில் என்ன இருக்கிறது, சந்தையில் எது மலிவு, எது முதலில் அழுகும் என்ற மூன்றையும் பார்த்த பிறகே எந்த நாளுக்கு எந்தக் குழம்பு என்று எழுத வேண்டும்.

முதலில் பணத்தைப் பிரித்துவிடுவோம். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் போன்ற கெடாத சாமான்களுக்கு மாதத் தொடக்கத்தில் 5,000 ரூபாயும், பாலுக்கு 1,250 ரூபாயும் தனியே எடுத்து வையுங்கள். மீதி 5,750 ரூபாயில் வாரத்துக்கு 1,300 வீதம் நான்கு உறைகளில் போட்டால், 550 ரூபாய் எஞ்சும். மாதம் என்றால் நான்கு வாரம் என்று கணக்கிட்டு, கடைசி இரண்டு மூன்று நாட்களை மறந்துவிடுவதால்தான் பல வீடுகளில் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க நேர்கிறது. அந்த 550 ரூபாய் அந்த நாட்களுக்கானது. அதை எதற்காகவும் முன்னதாகத் தொடாதீர்கள்.

மாதச் சாமான்களில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ரேஷன் அட்டை இருந்தும் நீங்கள் அரிசியை மட்டுமே வாங்குகிறீர்கள். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் விட்டுவிடுகிறீர்கள். மாதம் ஒரு கிலோ பருப்புதான் என்றாலும் உங்கள் வீட்டுச் சாம்பாரில் ஒரு வாரத்துக்கு மேல் அது தாங்கும். அடுத்தது எண்ணெய். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்றுதான் இருக்கிறது. ஐந்து பேருக்கு மாதம் ஏறத்தாழ நாலரை லிட்டர். நீங்கள் வாங்கியிருப்பதோ ஏழு லிட்டர். சட்டியில் நேரே சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே பாதி வித்தியாசம் குறைந்துவிடும்.

இனி வாரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து, மலிவாக இருப்பவற்றில் ஆறேழு காய்களைத் தேர்ந்தெடுங்கள். வாங்கியதை வாடும் வரிசையில் சமைப்பதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. ஞாயிறும் திங்களும் கீரைக்கு உரியவை. கீரையின் வேரை நறுக்கி, ஈரத்தைத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் செவ்வாய்க் காலை வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் நம்பாதீர்கள். செவ்வாய், புதன்கிழமைகளில் வெண்டை, கத்தரி, பீர்க்கன் ஆகியவை தீர வேண்டும். வியாழனுக்கு முட்டைக்கோசும் கேரட்டும் இருக்கட்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் சேனை, பூசணி, உருளை ஆகியவை கைகொடுக்கும். ஒரு நாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும். அடுத்த சந்தைக்கு முந்தைய நாள் காய்கறிக் கூடை காலியாக இருப்பதுதான் திட்டம் சரியாக நடந்ததற்கு அடையாளம்.

தக்காளியை இந்த வரிசையின் கட்டாயத்திலிருந்து விடுவியுங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விலை ஏறும் வாரத்தில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மாங்காய் போட்ட பருப்பு என்று புளிப்பை வேறிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் சமையலில் அதற்கு வழியா இல்லை!

மாவுப் பாக்கெட்டை நிறுத்துங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என வாரம் இருமுறை அரைத்தால், முதல் இரு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என்று காலை உணவு ஒழுங்காகிவிடும். அரிசியில் பாதியை ரேஷன் புழுங்கலரிசியாகப் போட்டாலும் இட்லி நன்றாகவே வரும்.

பிள்ளைகளின் புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பிஸ்கட்டுக்குச் செலவான பணத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை வாங்கி, முந்தைய இரவே ஊறவைத்தால் மாலையில் சுண்டல் தயார். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. வாரத்துக்கு இருபது முட்டை என்பது 1,300 ரூபாய்க்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைக் கோழியை வறுவலாகச் செய்தால் ஒரு வேளையோடு முடிந்துவிடும், குழம்பாக வைத்தால் இரவுத் தோசைக்கும் ஆகும்.

மாமியாருக்குத் தனிச் சமையல் தேவையில்லை. அதே குழம்பு, அதே பொரியல்; அவருடைய தட்டில் சோறு குறைந்து காயும் பருப்பும் கூட வேண்டும். கேழ்வரகு என்பதால் கூழை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள், மாவாகக் கரைத்த கூழும் சர்க்கரையை விரைவாக ஏற்றும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சோற்றின் அளவைக் குறைப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியல் மூன்று நாளில் சிதைந்ததற்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. நான்கு சனிக்கிழமைகளிலும் பிரியாணிப் பார்சல் வாங்கியிருக்கிறீர்கள், ஆனால் பட்டியலில் சனிக்கிழமை இரவு சப்பாத்தி என்று இருக்கிறது. வாரம் முழுதும் அடுப்படியில் நிற்பவர் ஒரு வேளை ஓய்வெடுப்பது குற்றமில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளுக்குப் பார்சல் என்று திட்டத்திலேயே எழுதி, அதற்கான பணத்தை அந்த வார உறையிலேயே வைத்துவிடுங்கள். மற்ற இரண்டு சனிக்கிழமைகளில் சப்பாத்தி மாவைக் கணவர் பிசையட்டும்.