உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது? ஏன்?

எனக்கு 7,39,39,133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். இது ஒரு பகா எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண். எட்டு இலக்கப் பகா எண்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அதனால் இது மட்டும் பெருமையில்லை. வலப்பக்கக் கடைசி இலக்கத்தை அழித்துப் பாருங்கள்: 7393913. இதுவும் பகா எண். மறுபடி அழித்தால் 739391, பிறகு 73939, 7393, 739, 73, 7. கடைசிவரை எல்லாமே பகா எண்கள்தான்.

இந்தக் குணமுள்ள எண்கள் மொத்தமே 83. அவற்றில் மிகப் பெரியது இது. இதைவிடப் பெரியது 'இன்னும் கிடைக்கவில்லை' என்பதல்ல, கிடையவே கிடையாது. என்னை இந்த எண்ணிடம் இழுத்தது அந்த முடிவுதான்.

ஏன் முடிந்துபோகிறது? பின்னால் ஓர் இலக்கம் சேர்க்க வேண்டுமானால் அது 1, 3, 7, 9 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றவற்றில் முடிந்தால் 2 அல்லது 5 வகுத்துவிடும். இப்போது 3 ஆல் வகுத்து வரும் மீதியைக் கவனியுங்கள். 3 அல்லது 9 சேர்த்தால் மீதி மாறாது. 1 அல்லது 7 சேர்த்தால் மீதி ஒன்று கூடும். நம் எண் 7இல் தொடங்குகிறது, அதாவது மீதி 1. ஒரு தடவை 1ஐயோ 7ஐயோ சேர்த்தால் மீதி 2 ஆகும். இன்னொரு தடவை சேர்த்தால் மீதி 0, எண் 3இன் மடங்காகிவிடும். ஆக, அந்தச் சலுகை ஒரே ஒரு தடவைதான். நம் எண் அதை ஆறாவது இலக்கத்திலேயே செலவழித்துவிட்டது. இனிமேல் 3, 9 மட்டுமே மிச்சம்.

எட்டு இலக்கத்தில் இப்படிப்பட்டவை ஐந்து: 23399339, 29399999, 37337999, 59393339, 73939133. ஐந்துக்குமே இதே நெருக்கடி. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, மொத்தம் பத்து எண்கள். சோதித்தால் பத்தும் பகு எண்கள்! உதாரணமாக 293999993 = 7 × 41999999. அந்த அளவுள்ள எண்களில் சுமார் இருபதுக்கு ஒன்று பகா எண். 2, 3, 5 ஆல் வகுபடாதவற்றை மட்டும் எடுத்தால் ஐந்தாறுக்கு ஒன்று. பத்தில் ஒன்றிரண்டு தப்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதெல்லாம் பத்தடிமான எழுத்துமுறையின், அதாவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களால் எண்களை எழுதும் முறையின், விளைவுதானே, எண்ணின் சொந்தக் குணமா என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், வேறு அடிமானத்தில் வேறோர் எண் இந்த இடத்தில் நிற்கும். ஆனால் எந்த அடிமானத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம், இதே போன்ற காரணம்தான் பதிலை நெருக்கும். அதனால் இதை வெறும் விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அப்புறம், இடப்பக்கத்திலிருந்து அழித்துக்கொண்டே போனால் என்ன? பூஜ்யம் வரக் கூடாது என்ற விதியோடு தேடினால் மிகப் பெரியது 357686312646216567629137. இருபத்து நான்கு இலக்கம்! முன்னால் சேர்க்கும்போது கடைசி இலக்கம் மாறுவதில்லை, 2உம் 5உம் தொல்லை தராது. அதனால்தான் அந்தச் சங்கிலி இவ்வளவு நீள்கிறது. அந்த வகையில் மொத்தம் 4260 எண்கள் இருக்கின்றன.