கவிதையால் ஒரு நாட்டில் ஏதாவது நடந்திருக்கிறதா?

"சமூக நீதி, இன நல்லிணக்கம் என்று கவிஞர்கள் எழுதித் தள்ளுகிறார்களே, அதனால் எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குடியிருப்பவன் என்பதால் எனக்குச் சட்டென்று வரும் பெயர் ஊட்ஜரூ நூனுக்கல். இங்கிருந்து படகில் போய்விடக்கூடிய ஸ்ட்ராட்புரோக் தீவின் பூர்வகுடிப் பெண். பதிமூன்று வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். கேத் வாக்கர் என்ற பெயரில் 1964-இல் அவர் வெளியிட்ட 'வீ ஆர் கோயிங்', ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு.

தலைப்புக் கவிதையில், இனத்தில் மிஞ்சிய சிலர் தங்கள் பழைய சடங்கு வட்டத்தைத் தேடி ஒரு சிற்றூருக்கு வருகிறார்கள். அங்கே மனைத் தரகர் பலகை வைத்திருக்கிறார்: 'இங்கே குப்பை கொட்டலாம்'. வட்டத்தில் பாதி ஏற்கெனவே குப்பைக்கடியில்.

இது பிரசாரம், கவிதையே இல்லை என்றார்கள் விமர்சகர்கள். தன் எழுத்து கோஷம் மாதிரி, எளிமையானது என்று அவரே சொன்னவர்தான். பூர்வகுடிகளின் உரிமைக்காக மேடை மேடையாக ஏறி வாக்குக் கேட்கப் போகிறவர் வேறு எப்படி எழுதுவார்? 1963-இல் தூதுக்குழுவோடு பிரதமர் மென்சிஸைப் பார்க்கப் போனபோது அவர் மது கொடுத்து உபசரித்தார். "குயின்ஸ்லாந்தில் எனக்கு இதைக் கொடுத்தால் உங்களை உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்ற பொருளில் பதில் சொன்னார் இந்த அம்மா. அங்கே அப்போது பூர்வகுடிகளுக்கு மது கொடுப்பது குற்றம். மனிதர் திகைத்துப்போனாராம்.

பூர்வகுடிகள் தொடர்பாக அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா என்று கேட்ட 1967 மே 27 பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் 'ஆம்'. (பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை கிடைத்தது அன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மத்தியத் தேர்தலுக்கு அது 1962-லேயே வந்துவிட்டது. 1967-இல் கிடைத்தது, மக்கள்தொகைக் கணக்கில் இடமும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றும் அதிகாரமும்.) இதெல்லாம் கவிதையால் மட்டும் வந்தது என்றால் சிரிப்பார்கள். பல ஆண்டுப் போராட்டம் அது. அதன் முன்வரிசையில் இவரும் இருந்தார், அவ்வளவுதான்.

நல்லிணக்கம் என்றால் எனக்கு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும்: ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட். பெரும் பண்ணைக்கார வெள்ளைக் குடும்பம். கேத்தின் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தவரே இவர்தான். பின்னாளில் தோழிக்கு எழுதிய 'டூ ட்ரீம்டைம்ஸ்' கவிதையில், நிலத்தைப் பறித்தவர்களின் வாரிசு நான் என்று ஒத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் கிடக்கும் கத்தியின் பிடியை அவள் பக்கம் திருப்பி வைக்கிறார். மன்னிப்புக் கவிதைகள் நிறையப் படித்திருக்கிறேன். இந்த அளவு துணிச்சலை வேறெதிலும் பார்த்ததில்லை.

ஊட்ஜரூவும் யாருக்காகவும் இறங்கி வரவில்லை. வெள்ளையர் குடியேறிய இருநூறாவது ஆண்டைக் கொண்டாட ஆஸ்திரேலியா தயாரானபோது, 1970-இல் வாங்கிய எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் விருதைத் திருப்பிக் கொடுத்தார். கேத் வாக்கர் என்ற பெயரையும் விட்டார்.

ஆங்கிலம் எளிமைதான், ப்ளஸ் டூ பிள்ளைக்கும் புரியும். முதலில் 'வீ ஆர் கோயிங்', கையோடு 'டூ ட்ரீம்டைம்ஸ்' படித்துப் பாருங்கள்.