கேள்வி–பதில்: சேற்றில் தொலையும் நைட்ரேட்

கேள்வி: எங்கள் கழிமுகத்தில் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நைட்ரேட் பாதியாகக் குறைகிறது. ஆனால் அதன் நைட்ரஜன்-15 டெல்டா அளவு (கனமான நைட்ரஜன்-15-க்கும் இலேசான 14-க்கும் உள்ள விகிதம் தரநிலையிலிருந்து விலகும் அளவு) 1 பர் மில்தான், அதாவது ஆயிரத்தில் ஒன்றுதான், ஏறியிருக்கிறது. பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கும் டீநைட்ரிஃபிகேஷன் இங்கே நடக்கவில்லை என்று முடிவு கட்டலாமா? சேற்றுத் துகள்களுக்கு இடையே உள்ள இடைநீரை அளக்கும்வரை சேற்றை உறையவைத்து வைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் உப்புத்தன்மைக்கு எதிரே நைட்ரேட்டை வரைந்து பாருங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் பெரும்பாலும் கடல்நீர் கலந்து நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே தொய்ந்தால்தான் நைட்ரேட் எங்கோ செலவாகிறது என்று பொருள்.

கலப்பு போகவும் பாதி குறைந்திருந்தால், உங்கள் 1 பர் மில் சேற்றில் நடக்கும் டீநைட்ரிஃபிகேஷனோடு பொருந்துகிறது. பாக்டீரியா நைட்ரஜன்-14-ஐ விரும்பி எடுப்பதால் மிச்சத்தில் 15 கூடும். ஆக்சிஜனற்ற நீரிலேயே இது நடந்தால் வேறுபாட்டுக் கெழு (பாக்டீரியா 14-ஐ எவ்வளவு விரும்புகிறது என்பதன் அளவு) 15 முதல் 30 பர் மில் வரை இருக்கும். 25 என்று வைத்தாலும் பாதி செலவாகும்போது (கெழுவை 0.69-ஆல் பெருக்கினால்) 17 பர் மில் ஏற வேண்டும். சேற்றில் கதை வேறு. ஆக்சிஜன் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இறங்கும் நைட்ரேட் முழுக்கக் காலியாவதால், கனமான மிச்சம் மேலே திரும்பி வருவதே இல்லை. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டில் பிராண்டஸும் டெவாலும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் சேற்றின் கெழு 3-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோதான் இருந்தது. 1.5 என்று போட்டுப் பாருங்கள்: ஏற்றம் சரியாக 1 வரும். ஆனாலும் இதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். குழாயால் தோண்டியெடுத்த சேற்றுத் தூணின் (கோர்) மேலுள்ள நீரில் நைட்ரஜன்-15 நைட்ரேட்டைச் சேர்த்து, வெளிவரும் 29, 30 நிறையுள்ள நைட்ரஜன் வாயுவை அளந்தால்தான் உறுதி.

சேற்றை உறையவைக்கவே கூடாது. சில டயாட்டம் பாசிகளும் ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிர்களும் பெஜியாட்டோவா பாக்டீரியாவும் செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் நைட்ரேட்டைச் சேமிக்கின்றன, இடைநீரிலோ மைக்ரோமோலார்தான். உறைந்து செல் வெடித்தால், நீங்கள் அளப்பது இடைநீராக இருக்காது. கோர் புதிதாக இருக்கும்போதே பக்கத்துளை வழியாக, ஊறவைத்த ரைசான் குழாயை (நுண்துளை வடிகட்டிக் குழாய்) செருகி மெதுவாக இழுங்கள்; நீரை மட்டும் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஓரிடத்திலேயே நிறைய இழுத்தால் அடுத்த அடுக்கின் நீரும் வந்துவிடும். பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாக்கி ஐசோடோப்பை அளக்கும் டீநைட்ரிஃபையர் முறைக்கு 10 முதல் 20 நானோமோல் நைட்ரேட் தேவை; 2 மைக்ரோமோலார் நீரானால் 5 முதல் 10 மில்லி. ஒரு கோரில் அவ்வளவு கிடைக்காது, அருகருகே எடுத்த கோர்களில் ஒரே ஆழத்து நீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட்ரைட் இருந்தால் சல்ஃபாமிக் அமிலத்தால் முன்பே நீக்கி, பிறகு காரம் சேர்த்து நடுநிலையாக்குங்கள். விட்டுவிட்டால் அந்த பாக்டீரியா நைட்ரைட்டையும் நைட்ரஸ் ஆக்சைடாக்கிவிடும். நைட்ரேட்டின் ஆக்சிஜன்-18 அளவு கெட்டுப்போகும்.