அது மாவுப்பூச்சி இல்லை தம்பி

தென் லண்டனில் வீடு வாங்கியிருக்கிறேன், வாசலில் நிற்கும் மரத்தின் இலையெல்லாம் அடியில் வெள்ளை பூத்திருக்கிறது, வெட்டிவிட்டு கார் நிறுத்தத் தளம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சில் வரி, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது நோய் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒயிட்பீம். 'பீம்' என்பது பழைய ஆங்கிலத்தில் மரம் என்று பொருள்படும் சொல். ஆக, வெள்ளை மரம். இலையின் அடியில் இருப்பது மெல்லிய ரோமம்தான்.

2004 வசந்தத்தில் நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். வாடகை வீட்டு வாசலில் துளிர்விட்ட மரம் முழுக்க வெள்ளை. காலிங் கார்டு போட்டு அம்மாவிடம் சொன்னால், தேனியிலிருந்தபடியே "மாவுப்பூச்சிதான், வேப்பெண்ணெய் அடி" என்று தீர்ப்பு. சோப்புத் தண்ணீரில் கலந்து, ஏணி போட்டு இரண்டு ஞாயிறு அடித்தேன். தெருவே நாறியது. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து, அது 'லூட்டெசென்ஸ்' வகை, தளிரில் இரு பக்கமும் வெள்ளையாக இருக்கும், கோடையில் மேல்பக்கம் பச்சையாகிவிடும் என்று சிரிக்காமல் சொன்னார். பூங்காக்களில் 'மஜெஸ்டிகா' என்றொரு வகை உண்டு. அதன் இலையும் பழமும் லூட்டெசென்ஸைவிடப் பெரியவை. மே மாதம் வெள்ளைப் பூ, இலையுதிர்காலத்தில் சிவப்புப் பழம். பழத்துக்குக் கரும்பறவைகள் போடும் சண்டையைப் பார்க்கவேண்டும்!

இப்போது எச்சரிக்கை. கோடரியை எடுக்கும் முன் கவுன்சிலில் விசாரியுங்கள். பாதுகாப்பு உத்தரவு உள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டி அழித்தால் இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. உங்கள் தெரு, பழைய தோற்றம் மாறக்கூடாது என்று கவுன்சில் அறிவித்த பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வந்தால், உத்தரவு இல்லாத மரத்துக்கும் பொதுவாக 6 வாரம் முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். முன்வாசலில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போடுவதற்கும் 2008 முதல் அனுமதி வேண்டும். மழைத்தண்ணீரைச் செடிப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் தேவையில்லை. நம் ஆட்களோ சாவி கைக்கு வந்த மறுநாளே சிமெண்ட் கலக்கிவிடுகிறார்கள். அப்புறம் கறிவேப்பிலைத் தொட்டியை ஹாலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜனவரியிலும் துக்கம் கொண்டாடுகிறார்கள்.

இந்த மரம் அப்படி நோஞ்சான் இல்லை. லண்டனுக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணாம்பு மண்ணில் தானாகவே வளர்வது. காற்று, புகை எல்லாம் தாங்கும். ஒன்றே ஒன்று: தோட்ட வகைகள் பெரும்பாலும் ஒட்டுக் கட்டியவை. அடிமரத்திலிருந்து வேறு மாதிரி இலையோடு கிளம்பும் கிளையை உடனே எடுத்துவிடுங்கள். ஒரே மரத்தில் இரண்டு இலை என்று நான் அலுவலகம் முழுக்கப் பெருமையடித்து அசடு வழிந்தவன்.

சொந்த வீடு வாங்கியதும் நானே ஒரு லூட்டெசென்ஸ் வைத்தேன். 2011 ஏப்ரலில் அம்மா வந்தபோது அது அம்மா உயரம்கூட இல்லை. பெட்டியை இறக்குவதற்குள் ஒரு தளிரைக் கிள்ளி, கட்டைவிரலால் தேய்த்து, முந்தானையிலும் துடைத்துப் பார்த்தார். வெள்ளை போகவில்லை. "எதுக்கும் ஒரு தடவை அடிச்சு வை" என்றார்.